அந்நியனும் சந்திரமுகியும் காட்டாத பக்கம்



2005-ஆம் வருஷம் தமிழ் சினிமாவில் ரெண்டு பெரிய படம் வந்தது. ஏப்ரலில் சந்திரமுகி, ஜூனில் அந்நியன். நம்மில் பல பேர் அப்போ பிறந்திருக்கவே மாட்டோம், இல்லைன்னா தொட்டிலில் இருந்திருப்போம். ஆனாலும் டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்போம்னு கணக்கே இல்லை. ஒரே ஆளுக்குள்ள இன்னொரு ஆள் இருப்பான், அவன் செய்றது இவனுக்குத் தெரியாது என்ற விஷயம் தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது இந்த ரெண்டு படத்தால்தான்.

ஆனால் ரெண்டு படத்திலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? உள்ளே இருக்கும் அந்த "இன்னொரு ஆள்" எப்பவும் அடுத்தவனைத்தான் கொல்லப் பார்ப்பான். அம்பியோடு பழகுறவங்க பயப்படணும், கங்கா வீட்டில் இருக்கிறவங்க பயப்படணும். படம் பார்த்த நமக்கும் அந்தப் பயம்தான் மிச்சம்.

நிஜத்தில் இது பெரும்பாலும் தலைகீழ். இந்த வகைக் கோளாறு உள்ளவர்களிடம் ஆபத்தில் இருப்பது பக்கத்தில் இருக்கிறவங்க இல்லை, அவங்களேதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு ஒரு எண்ணைத் தருது: பல ஆளுமைக் கோளாறுக்காக வெளிநோயாளியாகச் சிகிச்சைக்கு வருபவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள். சினிமா காட்டாமல் விட்ட பக்கம் இதுதான். இந்த இதழில் அதைத்தான் பாடமாகப் படிக்கப் போறோம்.

படிக்கும் முன் ஒரு வார்த்தை. இப்போ உங்களுக்கே மனசு சரியில்லை, உங்களைக் காயப்படுத்திக்கணும்னு தோணுதுன்னா, இந்தக் கட்டுரை எங்கேயும் போயிடாது. முதலில் 14416-க்கு ஒரு போன் போடுங்க. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க.

விலகல் என்றால் என்ன?

டிஸ்ஸோசியேஷன் என்பதைத் தமிழில் "விலகல்" என்று சொல்லலாம். நினைவு, உணர்ச்சி, உடம்பு, "நான்" என்ற எண்ணம் எல்லாம் சாதாரணமா ஒன்றாகச் சேர்ந்து ஓடும். அது ஒன்றைவிட்டு ஒன்று கழன்று ஓடினால் அதுதான் விலகல்.

இதில் லேசான வகை நம்ம எல்லாருக்கும் உண்டு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தீங்க, திடீர்னு பார்த்தா இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துடுச்சு, நடுவில் என்ன நடந்ததுன்னே தெரியாது. 1986-இல் பெர்ன்ஸ்டீன், புட்னம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விலகலை அளக்க 28 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரிச்சாங்க. அதில் இந்த பஸ் விஷயமும் ஒரு கேள்வி. அதனால் மூன்றாவது பீரியடில் மனசு எங்கேயோ போச்சுன்னா நீங்க நோயாளி இல்லை, பயப்பட வேண்டாம்.

பிரச்சினை ஆகும் நிலை வேறு. 1889-இலேயே பிரான்ஸ் நாட்டு பியர் ஜானே இதைப் பற்றி விரிவா எழுதினார். தாங்க முடியாத அனுபவம் வரும்போது மனசின் ஒரு பகுதி மற்றதிலிருந்து துண்டிச்சுக்கொள்ளும் என்பது அவர் பார்வை.

நமக்குப் பழக்கமான உதாரணம் சொல்லணும்னா வீட்டு எம்.சி.பி. லோடு தாங்கலைன்னா ட்ரிப் ஆகும், வயர் எரியாமல் காப்பாத்தும். ஒரு குழந்தை அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு மாதிரி தப்பிக்கவே முடியாத நிலையில் திரும்பத் திரும்ப மாட்டிக்கிட்டா, ஓட முடியாத உடம்புக்குப் பதிலா மனசு ட்ரிப் ஆகுது. அந்த நேரத்தில் அது காப்பாத்தத்தான் செய்யுது. ஆனால் இந்த உதாரணம் ஒரு இடம் வரைக்கும்தான் வரும். எம்.சி.பி-யை நாமே போய்த் தூக்கி விடலாம். மனசோட ட்ரிப் அப்படி இல்லை. ஆபத்து முடிஞ்சு பல வருஷம் ஆன பிறகும், ஒரு குரல், ஒரு வாசனை, யாரோ கதவை ஓங்கிச் சாத்தும் சத்தம், இவ்வளவு சின்ன லோடுக்கே தானாக விழுந்துகொண்டே இருக்கும்.

டி.எஸ்.எம்-5 இதை முக்கியமா மூன்று வகையாகப் பிரிக்குது.

1. தன்விலகல், சூழல்விலகல்: "நான் நானாகவே இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னையே பார்க்கிற மாதிரி இருக்கு" என்பது முதலாவது. "சுத்தி இருக்கிறதெல்லாம் நிஜமே இல்லாத மாதிரி, கனவு மாதிரி இருக்கு" என்பது இரண்டாவது.

2. விலகல் மறதி: தன் வாழ்க்கையின் முக்கியமான பகுதியே நினைவில் இருக்காது. சாதாரண மறதி கணக்கில் இது வராது.

3. பல ஆளுமைக் கோளாறு: ஒன்றுக்கு மேற்பட்ட "நான்"கள், நடுநடுவே நினைவு இடைவெளிகள். 1994-இல் வந்த டி.எஸ்.எம்-4 பழைய பெயரை மாற்றி "விலகல் அடையாளக் கோளாறு" என்று வெச்சது. ஒருத்தருக்குள் பல முழு மனிதர்கள் இல்லை, ஒரு அடையாளம் சேராமல் சிதறிக் கிடக்குது என்பதுதான் அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த எண்ணம்.

முதல் வகை நம்ம வயசோடு நேரடியா சம்பந்தப்பட்டது. அது தொடங்கும் சராசரி வயசு 16. இருபது வயசுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது 20 சதவீதத்துக்கும் குறைவு. கடும் மன அழுத்தமும் கஞ்சாவும் இதைக் கிளப்பிவிடலாம், தூக்கமின்மை இன்னும் மோசமாக்கலாம். செமஸ்டர் நேரத்தில் ஹாஸ்டலில் என்னென்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். "எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுதோ" என்ற பயம் இதில் சகஜம். ஆனால் "நிஜமில்லாத மாதிரி இருக்கு" என்று சொல்லத் தெரிகிறவருக்கு நிஜம் எது என்று தெரிந்துதான் இருக்கு.

தன்னையே ஏன் காயப்படுத்திக்கணும்?

"கவனத்தை ஈர்க்கத்தான் பண்றாங்க." இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. 2004-இல் நாக், பிரின்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் சுயதீங்கில் ஈடுபட்ட வளரிளம் பருவத்தினரைக் கேட்டுப் பார்த்தப்போ, அதிகம் வந்த பதில் வேறு. உள்ளே இருக்கும் தாங்க முடியாத உணர்ச்சியை நிறுத்தவோ, ஏதாவது ஒன்றை உணரவோதான் செய்ததாகச் சொன்னாங்க. பல பேர் யாருக்கும் தெரியாமல் மறைக்கத்தான் பாடுபடுறாங்க. முழுக்கை சட்டை போட்டு மறைக்கிற ஒருத்தர் கவனத்தைத் தேடுறார்னு எப்படிச் சொல்ல முடியும்?

விலகல் உள்ளவர்களிடம் இதுக்கு நான்கு காரணங்கள் தனியாகத் தெரியுது.

முதலாவது, மரத்துப்போதல். 1998-இல் சியெரா, பெரியோஸ் இருவரும் தன்விலகலுக்கு ஒரு மூளை விளக்கம் முன்வைத்தாங்க. மூளையின் முன்பகுதி, பயத்தைக் கையாளும் அமிக்டலா போன்ற பகுதிகளை அளவுக்கு மீறி அடக்கிவிடுது என்பது அதன் சாரம். பயம் மட்டும் அடங்கினால் பரவாயில்லை. அதோடு சந்தோஷம், பாசம், "நான் உயிரோட இருக்கேன்" என்ற உணர்வு எல்லாமே சேர்ந்து அணைஞ்சு போகுது. அந்த வெறுமையிலிருந்து வெளியே வர, வலி ஒரு வழியாகத் தெரியுது.

இரண்டாவது, இதுக்கு நேர் எதிர். பழைய நினைவு வெள்ளமா வரும்போது அதிலிருந்து தப்பிக்க, தன்னையே ட்ரிப் ஆக வைக்கச் சிலர் முயற்சி செய்றாங்க. ஒரே செயல், ஒருத்தருக்கு ஆன் ஸ்விட்ச், இன்னொருத்தருக்கு ஆஃப் ஸ்விட்ச். சில சமயம் ஒரே ஆளுக்கே ரெண்டும். இன்னொன்று, விலகல் நிலையில் வலி உணர்வே குறையும். வலி என்பது உடம்பின் எச்சரிக்கை மணி. மணி அடிக்கலைன்னா எவ்வளவு காயம் ஆச்சுன்னே தெரியாது. நினைச்சதைவிடப் பெரிய ஆபத்தில் முடியும் வாய்ப்பு இங்கேதான் இருக்கு.

மூன்றாவது, உள்ளே நடக்கும் சண்டை. அடையாளம் சிதறியிருக்கும்போது ஒரு பகுதி இன்னொரு பகுதியைத் தண்டிக்கலாம். "ஏன் வெளியில சொன்ன?" என்று கொடுமை செய்தவனின் குரலிலேயே உள்ளிருந்து ஒரு பகுதி மிரட்டுவது உண்டு. இதைவிட ஆபத்தானது, ஒரு பகுதி தனக்குத் தனி உடம்பு இருக்குன்னு நம்புறது. "அவ செத்தா எனக்கென்ன, நான் இருப்பேன்ல" என்று அது நினைக்கும். உடம்பு ஒன்றுதான் என்று அதற்குப் புரிய வைப்பதே சிகிச்சையின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

நான்காவது, நினைவு இடைவெளி. காலையில் எழுந்து பார்க்கிறாங்க, கையில் காயம். எப்போ, எப்படி, யார்? ஒன்றும் தெரியாது. "நீதானே பண்ண, ஏன் பொய் சொல்ற?" என்று கேட்டால் அவங்களிடம் பதில் இருக்காது. பொய் சொல்லலை, நிஜமாவே தெரியாது.

ஆய்வுகள் சொல்வது

2008-இல் ஃபூட் என்பவரும் குழுவினரும் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் மனநல வெளிநோயாளிகளிடம் நடத்திய ஆய்வு முக்கியமானது. தற்கொலைக்குப் பல முறை முயன்றவர்களைப் பிரித்துப் பார்த்தப்போ, அதோடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தது விலகல் கோளாறுதான். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. 2017-இல் கலாட்டி குழுவினர் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து அலசியபோதும், தற்கொலை முயற்சி, சாகும் எண்ணமில்லாத சுயதீங்கு ரெண்டோடும் விலகலுக்குத் தொடர்பு தெரிந்தது.

இங்கே இன்ஜினியரிங் மூளை ஒரு கேள்வி கேட்கணும். தொடர்பு இருந்தால் அதுவே காரணமா? இல்லை. சிறுவயதுக் கொடுமை விலகலையும் உண்டாக்கலாம், தனியாகத் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்கலாம். மனச்சோர்வும் கூடவே இருக்கலாம். இன்னொன்று, அந்த 70 சதவீதம் என்பது சிகிச்சைக்கு வந்தவர்களின் கணக்கு. ரொம்ப முடியாதவர்கள்தான் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் வருவாங்க. அதனால் "விலகல் இருந்தால் இப்படித்தான் முடியும்" என்று யாரும் படிக்கக் கூடாது. இந்த எண் ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். கூடுதல் கவனம் தேவைப்படும் இடம் இது என்பதைத்தான் அது காட்டுது.

ஏன் கண்ணில் படாமல் போகுது?

உள்ளே குரல் கேட்குதுன்னு சொன்னால் மனச்சிதைவு நோய் என்று முடிவாகலாம். நம்ம ஊரில் இது அதிகம் வெளிப்படும் விதமே வேறு: வலிப்பு மாதிரி வந்து விழுவது, சாமி வந்து ஆடுவது, பேய் பிடித்த மாதிரி பேசுவது. நம்ம மருத்துவர்கள் பல வருஷமாகப் பயன்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலில் விலகல் வலிப்புக்கும் ஆவேச நிலைக்கும் தனித்தனி இடமே உண்டு. ஆனால் வீட்டில் அது வலிப்பாகவோ பேயாகவோ மட்டும் பார்க்கப்படும்.

இன்னொரு சிக்கல், கேள்வி கேட்கும் விதம். "உனக்குச் சாகணும்னு தோணுதா?" என்று டாக்டர் கேட்கிறார். "இல்லை சார்" என்று பதில் வருது. அந்த நிமிஷத்தில் அது முழு உண்மை. ஆனால் நேற்று ராத்திரி வேறொரு நிலையில் இருந்தப்போ தோணியது இப்போ நினைவில் இல்லை. அதனால்தான் அனுபவமுள்ளவங்க "ஞாபகமில்லாத நேரம் எதுவும் இருந்ததா? எப்படி வந்ததுன்னு தெரியாத காயம் இருந்ததா?" என்றும் சேர்த்துக் கேட்பாங்க. நீங்களோ உங்க நண்பரோ டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் இந்த ரெண்டையும் நீங்களே சொல்லிடுங்க.

சிகிச்சை இருக்கா? இருக்கு

விலகலுக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்கு மருந்து தருவாங்க. முக்கியச் சிகிச்சை, பேச்சு வழி மனநல சிகிச்சை. அது பொதுவா மூன்று கட்டமாகப் போகும். முதலில் பாதுகாப்பும் நிலைப்படுத்தலும், பிறகுதான் பழைய அதிர்ச்சியைத் தொடுவது, கடைசியில் சிதறியதைச் சேர்த்து வாழப் பழகுவது. இந்த வரிசை முக்கியம். பாதுகாப்பு வராமல் பழசைக் கிளறினால் சுயதீங்கு கூடும். "என்ன நடந்ததுன்னு முழுசா சொல்லு, மனசு லேசாகும்" என்று நண்பர்கள் தோண்டுவது ஆபத்தாக முடிவதும் இதனால்தான்.

பெத்தனி பிராண்ட் தலைமையிலான ஆய்வுக் குழு, நோயாளிகளுக்கும் அவங்க சிகிச்சையாளர்களுக்கும் சேர்த்தே இணையவழிப் பாடங்கள் கொடுத்துப் பார்த்தது. 2019-இல் வந்த முடிவுகளின்படி இரண்டு வருஷக் காலத்தில் சுயதீங்கு குறைஞ்சது. விலகல் அதிகமாக இருந்தவர்களிடமும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பாடங்களில் முக்கியமான ஒன்று "தரையிறக்கம்". மனசு கழன்று போகும்போது இந்த நிமிஷத்துக்கு, இந்த இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி. கண்ணில் படும் 5 பொருள், தொட்டு உணரும் 4, காதில் கேட்கும் 3, மூக்குக்கு எட்டும் 2, நாக்குக்கு 1 என்று மெதுவா எண்ணுவது ஒரு எளிய வகை. கால் இரண்டையும் தரையில் அழுத்தி வைத்து, இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்வது இன்னொன்று.

இதோடு பாதுகாப்புத் திட்டம். ஸ்டான்லி, பிரவுன் என்ற இருவர் வடிவமைச்ச முறை இது. எச்சரிக்கை அறிகுறி என்ன, தானே செய்யக்கூடியது என்ன, யாரைக் கூப்பிடணும், எந்த ஆஸ்பத்திரி, ஆபத்தான பொருட்களை எப்படித் தள்ளி வைப்பது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்வது. விலகல் உள்ளவருக்கு இதில் ஒரு கூடுதல் கவனம் வேணும். அமைதியாக இருக்கும்போது படிச்சது, நிலை மாறும்போது நினைவுக்கு வராது. அதனால் எழுதியதைப் பைக்குள் வெச்சால் பத்தாது. போனின் முகப்பில், அலமாரிக் கதவின் உட்பக்கத்தில், கண் படும் இடத்தில் இருக்கணும்.

ரூம்மேட்டா நீங்க என்ன செய்யலாம்?

நேராகக் கேளுங்க. "மச்சான், உன்னையே காயப்படுத்திக்கிறியா? சாகணும்னு தோணுதாடா?" கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்டுடுவோமோன்னு பயம் வேண்டாம். 2014-இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை என்றே சொல்லுது.

"ஞாபகம் இல்லை" என்றால் நம்புங்க. போலீஸ் விசாரணை வேண்டாம். "சரிடா, முதல்ல காயத்துக்கு மருந்து போடுவோம், வா" போதும்.

வெறிச்சுப் பார்த்துக்கொண்டு பதில் வராமல் இருந்தால் பின்னால் இருந்து தொடாதீங்க, உலுக்காதீங்க. எதிரில் உட்கார்ந்து மெதுவா, "நான் ரூம்மேட்டுதான். இது நம்ம ஹாஸ்டல் ரூம். இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. நீ பத்திரமா இருக்க" என்று சொல்லுங்க.

"அந்நியனைக் கூப்பிடு பார்ப்போம்" என்று வேடிக்கை பண்ணாதீங்க. வீடியோ எடுக்காதீங்க. ஒரு முறை குரூப்பில் போன வீடியோவைத் திரும்ப எடுக்க முடியாது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீங்க. "ஊர் பூரா சொல்லமாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா ஒருத்தர்கிட்ட கண்டிப்பா சொல்வேன்" என்பதுதான் நேர்மையான வாக்கு. அந்த ஒருத்தர் கவுன்சிலரோ, நம்பிக்கையான ஆசிரியரோ, வார்டனோ இருக்கலாம். வீட்டில்தான் கொடுமை நடந்ததோ என்ற சந்தேகம் இருந்தால், வீட்டுக்குச் சொல்வதை முதலில் கவுன்சிலரோடு பேசி முடிவு பண்ணுங்க.

தனியாகச் சுமக்காதீங்க. நீங்க டாக்டர் இல்லை, 24 மணி நேரக் காவலும் இல்லை. ரெண்டு மூணு பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டால்தான் நீங்களும் நல்லா இருப்பீங்க.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆகும்" என்று பயந்து தாமதிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதணும். அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை. அதே சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் தடை செய்யுது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தாங்க. வீட்டில் கோவிலுக்கோ தர்காவுக்கோ போகணும்னு சொன்னால் சண்டை போட வேண்டியதில்லை. "போவோம்மா, கூடவே டாக்டரையும் பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்க. பிரார்த்தனை கூடவே இருக்கட்டும், சிகிச்சையின் இடத்தை அது எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கிட்டால் போதும்.

இந்த எண்களை இப்பவே போனில் சேமிச்சுக்கோங்க:

டெலி மானஸ்: 14416
தமிழ்நாடு அரசு உதவி எண்: 104
சிநேகா, சென்னை: 044-24640050
உடனடி ஆபத்து என்றால்: 108

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு நேராகப் போகலாம். தனியாகப் போகத் தயங்குற நண்பர் இருந்தால், ஒரு நாள் அட்டெண்டன்ஸ் போனால் போகட்டும்னு கூடப் போயிட்டு வாங்க.